தபசு காலத்தில் திறக்காத பெட்டி

அன்புள்ள சவரிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்று நினைப்பாய். வாயால் சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். உன் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நீ சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டு வர விக்கிரமங்கலம் போயிருக்கிறாய். நாளைக் காலையில் வண்டி கட்டிக்கொண்டு அரியலூர் போய் ரயில் ஏறிவிடுவாய். திருச்சியில் அந்த மிஷின் கம்பெனியில் உத்தியோகம். நல்ல உத்தியோகம்தான், போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் போவதற்கு முன் இதை நீ படித்தாக வேண்டும்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்து நீ சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன்னை வேலைக்கு எடுத்துக்கொண்ட அன்று உங்கள் மேனேஜர் நம் வீட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தாராம். வாத்தியார் ஒருவர் புது என்ஜின் வாங்கி, தபசு காலம் என்று நாற்பத்தாறு நாள் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாராம், பிறகு தானே ஓட்டப் போய்க் கையை உடைத்துக்கொண்டாராம். நீயும் அவரோடு சேர்ந்து சிரித்தாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்து நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "முப்பது நாள்னு பேப்பர்ல தெளிவா போட்டிருக்கான். அப்புறம் பொட்டிய மூடி வெச்சா கம்பெனிக்காரன் என்னப்பா பண்ணுவான்? தப்பு நம்மளதுன்னு நம்ம வூட்லயே எழுதிக் குடுத்தது பைல்ல இருக்காம்ல." அப்பா இடது கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவருக்குக் கோபம் என்று நீ நினைத்தாய். கோபம் இல்லை, தம்பி. அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டு எழுந்து போனார். அந்த நாற்பத்தாறு நாளைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. நீ திருச்சி ஹாஸ்டலில் இருந்தாய். நம் ஊர்ப் பெண்கள் நெல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு மைல் நடந்து போய் அரைத்துக்கொண்டு வருவதை அப்பா பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் வந்து, "நம்ம ஊர்லயே ஒரு மிஷின் வெச்சா என்ன?" என்றார். எனக்குச் சீதனமாக வந்த வாய்க்கால் ஓரத்து நிலத்தை விற்றோம். லைசென்ஸுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அவர் நடந்த நடையில் இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஏஜெண்ட் நம் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு ஏஜெண்டாக வந்தவர்தான் இன்றைக்கு உனக்கு மேனேஜர்.

வந்த மனிதர் என்னமாய்ப் பேசினார் தெரியுமா! கொள்ளிடத்து மீன் குழம்பு வைத்திருந்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, எங்க வூட்ல கூட இந்த ருசி வராதுக்கா" என்றார். என்ஜின் என்று ஒன்று வாங்கினால் அது பழுதாகுமே, இந்தக் காட்டில் யார் பார்ப்பார்கள் என்று நான்தான் கேட்டேன். "நீங்க ஏங்க்கா கவலப்படுறீங்க? எங்க பிட்டரு வந்து பூட்டி, ஓட்டிக் காட்டிட்டுத்தான் போவாரு. அப்புறம் என்னன்னாலும் ஒரு தந்தி குடுங்க, மறுநாள் காலையில உங்க வாசல்ல நிப்பாரு" என்றார். நான் அந்த 'அக்கா'வில் மயங்கிவிட்டேன். கூடப் பிறந்த தம்பி இல்லாதவள் இல்லையா! பின்னால் நேரில் போய் நின்றபோது நான் 'அம்மா' ஆகிவிட்டேன். நீ விற்கிற இடத்தில் உட்காரப் போகிறாய். யாரையாவது அக்கா என்று கூப்பிட்டால் மிஷின் விற்ற பிறகும் அப்படியே கூப்பிடு. முடியாது என்றால் முதலிலிருந்தே அம்மா என்று சொல்லிவிடு, அதில் ஒன்றும் குறைவில்லை.

பெட்டி அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதென்று கடிதம் வந்தது. அப்பா இரண்டு வண்டி பிடித்துக்கொண்டு போனார். கூட்ஸ் ஷெட்டில் கம்பெனி குமாஸ்தா ஒருவன் காகிதத்தை நீட்டி, "எல்லாம் சரியா வந்து சேந்துச்சுன்னு இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்றிருக்கிறான். "உள்ள என்ன இருக்குன்னே நான் இன்னும் பாக்கலியே தம்பி" என்றிருக்கிறார் இவர். "எல்லாரும் போடுறதுதான் சார், சும்மா ஒரு வழக்கம்" என்று அவன் சொல்ல, இவரும் போட்டுவிட்டார். வாய்ப்பாட்டில் ஓர் எண் பிசகினால் பிரம்பை எடுக்கிற மனுஷன், பார்க்காத பொருளுக்குப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார். அது அவருடைய தப்பு. அதை ஒத்துக்கொள்ள அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அந்தக் காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்ததுதான் நீ சொன்ன முப்பது நாள். பெட்டி கைக்கு வந்து முப்பது நாளைக்குள் சொன்னால்தான் பிட்டர் வருவார், குறை இருந்தால் மாற்றித் தருவார்கள். மீன் குழம்பு சாப்பிடும்போது இந்த முப்பது நாள் ஏஜெண்டின் வாயில் வரவே இல்லை.

வண்டிகள் நம் வாசலுக்கு வந்த நாள் விபூதிப் புதன். காலைப் பூசையில் சாமியார் பூசிய சாம்பல் என் நெற்றியில் காயக்கூட இல்லை. அப்பா வந்ததும் வராததுமாக, சட்டையைக் கூடக் கழற்றாமல், கடப்பாரையை எடுத்துக்கொண்டு பெட்டியின் பலகையை நெம்பப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"கடப்பாரைய கீழ வைங்க. இன்னிக்கித் தபசு தொடங்குது, ஆண்டவர் பாடுபட்ட காலத்துல புதுசா எதையும் தொடங்கக் கூடாது. அவர் உயிர்த்த பாஸ்கு கழியட்டும், சாமியார வரவழைச்சு மந்திரிச்சுத் தொறக்கலாம்."

"ஓட்டப் போறதில்ல புள்ள. தொறந்து பாத்துட்டு மூடி வெச்சிருவோம். என்ன வந்திருக்கு என்ன வரலன்னு தெரிய வேணாமா?"

"தொறந்தா தொடங்குன மாதிரிதான். ஒருதரம் பட்டது போதும்."

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது உனக்குத் தெரியும். அவளுக்கு நாங்கள் புதுத் தொட்டில் கட்டியது ஒரு தபசு காலத்தில். பாஸ்குவுக்கு அவள் இல்லை. காய்ச்சலுக்கும் தொட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். சம்பந்தம் இல்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கும் பாதி மனசுக்குத் தெரியும். மற்றப் பாதிதான் பெட்டியின் முன்னால் போய் நின்றது. அப்பா கடப்பாரையைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, பெட்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடினார். ஊர் கேலி செய்தது. "என்ன வாத்தியாரே, பொட்டி மேல கோழிய அடை வெச்சிருக்கீங்களா? எப்பக் குஞ்சு பொரிக்கும்?" என்று கேட்டார்கள். "பாஸ்குக்குப் பொரிச்சிரும்" என்று இவரும் சிரிப்பார். என் பெயரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

பாஸ்கு முடிந்த மறுநாள் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பெட்டியைப் பிரித்தோம். என்ஜின், அரைக்கிற மிஷின், பெல்ட், என்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில், எல்லாம் பட்டியலில் இருந்தபடியே இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, ஒரு கொறையும் இல்ல" என்று அவரிடம் பெருமையடித்தேன். அன்றைக்கே பிட்டரை அனுப்பச் சொல்லித் தந்தி போயிற்று. பிட்டர் டூரில் இருக்கிறார் என்று பதில் வந்தது. இரண்டாவது தந்திக்குப் பதிலே இல்லை. அப்பா நேரில் திருச்சிக்குப் போனார். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் கூப்பிட்டு, முப்பது நாள் கழிந்துவிட்டது, இனி எங்கள் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "வருவாங்க, வருவாங்க" என்று மட்டும் சொன்னார். சொல்லியிருந்தால் நான் தலையில் அடித்துக்கொண்டு அழுவேன் என்று அவருக்குத் தெரியும். பிட்டர் வரமாட்டார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால்தான் இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டி, தானே என்ஜினைப் பூட்டினார். அவசரக்காரர் என்று நீ அவரைச் சொல்கிறாய். ஒரு மாதம் அவர் அந்தப் புத்தகத்தோடு கிடந்ததை நீ பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. வாசலில் பெண்கள் கூடையோடு வந்து நின்றுவிட்டார்கள், இன்றைக்கு மிஷின் ஓடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பா ஹேண்டிலை மாட்டிச் சுற்றினார். ஒரு தரம், இரண்டு தரம், ஒன்றும் இல்லை. மூன்றாவது தரம் சுற்றும்போது என்ஜின் பிடித்துக்கொண்டது. டப் டப் என்று கிளம்பிய சத்தத்தில் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், தம்பி. என்ஜின் பிடித்ததும் ஹேண்டில் தானாகக் கழன்று கையோடு வந்துவிட வேண்டுமாம். அது கழலவில்லை. என்ஜினோடு சேர்ந்து அதுவும் சுற்றத் தொடங்கி, திரும்பி வந்த வேகத்தில் அவர் வலது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் என்ஜின் சத்தத்துக்கு மேலே எனக்குக் கேட்டது. அவர் கத்தவில்லை. "பொம்பளைங்கள எட்டப் போகச் சொல்லு, அது இன்னும் சுத்துது" என்றார். அதைச் சொல்லிவிட்டுத்தான் கீழே விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். இந்தக் கை பழையபடி மடங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதுகிற கை. அடுத்த நாள் நான் அந்த ஹேண்டிலை ஒரு பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இதே கம்பெனி என்ஜின் பெரம்பலூரில் ஒரு மில்லில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அரியலூரிலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி, மேட்டில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளி, பெரம்பலூர் போய்ச் சேர்ந்தேன். மில்காரர் ஒரு ரெட்டியார். சேலையைப் பிரித்துக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. தன் ஹேண்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "இங்க பாருங்கம்மா. நம்மளதுல நுனியில இருக்குற இந்தப் பல்லு சாய்வா இருக்குல்ல? என்ஜின் வேகம் எடுத்ததும் வழுக்கிக்கிட்டு வெளிய வந்துரும். உங்களதுல பல்லு நேரா நிக்குது. கவ்விக்கிட்டா விடாது. இது வேற என்ஜின் ஹேண்டிலு. மாத்தி அனுப்பிட்டானுங்க" என்றார். அவர் கூட்ஸ் ஷெட்டிலேயே பெட்டியைப் பிரித்து, குமாஸ்தாவை வைத்துக்கொண்டே ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.

அங்கிருந்தே திருச்சிக்குப் பஸ் ஏறினேன். என்னையும் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். நான் உட்காரவில்லை. ஏஜெண்டின் அறையில் யாரோ ஒரு மிராசுதார் புது என்ஜினுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நேரே உள்ளே போய் ஹேண்டிலை மேஜையில் வைத்தேன். கண்ணாடி டம்ளர் குதித்தது. "ஐயா, நீங்க வாங்குறதுன்னா பல்லு சாஞ்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. இது என் வூட்டுக்காரர் கைய ஒடிச்ச ஹேண்டிலு" என்றேன். மிராசுதார் ஹேண்டிலைப் பார்த்தார், ஏஜெண்டைப் பார்த்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் அப்புறம் வரேன்" என்று போய்விட்டார். ஏஜெண்ட் கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தவே இல்லை. "பெட்டி என்னிக்கி வந்துச்சும்மா?" என்று கேட்டார். விபூதிப் புதன் என்றேன். "என்னிக்கிப் பிரிச்சீங்க?" பாஸ்குக்கு மறுநாள் என்றேன். அவர் பைலைத் திறந்து பொடி எழுத்தைத் தொட்டுக் காட்டி, முப்பது நாள் என்றால் என்ன என்று எனக்கு விளக்கினார். அப்போதுதான், சவரி, அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. பிட்டர் ஏன் வரவில்லை, அப்பா ஏன் "வருவாங்க, வருவாங்க" என்று சொன்னார், ஏன் தானே ஹேண்டிலைப் பிடித்தார் என்று.

"இவ்ளோ நாளு பொட்டிய மூடி வைக்கச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டார். நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான், என் குழந்தை செத்த பயத்தில் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு புரண்டுவிட்டது. "என் வூட்டுக்காரர்தான்" என்றேன். உடனே ஏஜெண்டின் முகம் மலர்ந்தது. "அப்படியா? சரி, போனது போகட்டும். அதை அப்படியே எழுதிக் குடுங்க. நாளைக்கே நல்ல ஹேண்டிலோட பிட்டர அனுப்புறேன்" என்று காகிதமும் பேனாவும் கொடுத்தார். ஊரில் கூடையோடு நிற்கிற பெண்களை நினைத்தேன், விற்ற நிலத்தை நினைத்தேன், ஒடிந்த கையை நினைத்தேன். மிஷின் ஓடினால் போதும் என்று தோன்றியது. என் கணவர் தபசு காலத்தைக் காரணம் காட்டிப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்ததாலும், அவருடைய கவனக்குறைவாலும் இந்த விபத்து நேர்ந்தது, கம்பெனி மீது குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பைலில் இருப்பது அதுதான். ஹேண்டில் மாறி வந்ததைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

பிட்டர் வந்தார். அரை நாளில் ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார். நம் மிஷின் இன்று வரை ஓடுகிறது. அடுத்த வாரம் நான் எழுதிக் கொடுத்ததன் நகல் தபாலில் அப்பா பேருக்கு வந்தது. அடுப்படியில் நின்றபடி அவர் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை படித்தார். மடித்து என்னிடம் கொடுத்தார். "கையெழுத்து நல்லா இருக்கு. 'கவனக்குறைவு'ல ஒரு பிழையும் இல்ல" என்றார். அவ்வளவுதான். நீ லீவுக்கு வந்து அப்பா ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டபோது, எழுதியதையே உன்னிடமும் சொன்னேன். முற்றத்தில் அவர் இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். காதில் விழாமல் இருக்குமா? தலை நிமிரவே இல்லை. மூன்று வருஷமாக நீ அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதற்குக் காரணம் அவர் அல்ல, நான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

இனி உன் உத்தியோகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் மேஜைக்கு முன்னால் ஒருவன் வந்து நிற்பான். நாள் பார்த்தேன், சகுனம் பார்த்தேன், மழை வந்தது, மாடு செத்தது என்று எதையாவது சொல்வான். அது முட்டாள்தனமாகவும் இருக்கும். எங்களுடையதும் முட்டாள்தனம்தான். ஆனால் பெட்டிக்குள் ஹேண்டிலை மாற்றி வைத்தது எங்கள் முட்டாள்தனம் இல்லை. முதல் நாளே பிரித்திருந்தாலும் அதே ஹேண்டில்தான் உள்ளே இருந்திருக்கும். ஒருவனுடைய தப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உன் தப்பை அதற்குப் பின்னால் ஒளிக்காதே. அவன் எந்தத் தேதியில் பிரித்தான் என்று கேட்பதற்கு முன், பெட்டிக்குள் என்ன வைத்து அனுப்பினோம் என்று உன் ஆட்களைக் கேள். சரக்கு போகிற இடத்துக்கு நீயும் போய்ப் பெட்டியைப் பிரித்துக் காட்டு. பொடி எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டு. அதற்கு மேனேஜர் கோபித்துக்கொண்டால், வாத்தியார் மகன் என்று சொல்.

உன் டிரங்குப் பெட்டியில் துணி மடித்து வைத்தவள் நான்தான். தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும். வேட்டிகளுக்கு அடியில், அதே பழைய சேலையில் சுற்றி, அந்த ஹேண்டில் இருக்கிறது. ஏஜெண்ட் அதைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார், நானும் கொடுக்கவில்லை. திருச்சிக்குக் கொண்டு போவதும் இங்கேயே விட்டுப் போவதும் உன் இஷ்டம். ஆனால் கையில் எடுத்துப் பார். பல் நேராக நிற்பதைத் தொட்டுப் பார். பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு மிஷின் கொட்டகைக்குப் போ. நீ இதைப் படித்து முடிக்கும் நேரத்துக்கு அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அங்கே என்ஜினைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் பின்னாலேயே வருகிறேன். அவர் முன்னால் வாயால் சொல்ல வேண்டியது எனக்கும் ஒன்று இருக்கிறது.

சாவி இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. இன்று தபசு காலத்து வெள்ளிக்கிழமை, அதைப் பார்க்காதே. ஊர் போய்ச் சேர்ந்து பிரித்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதே. இப்போதே பெட்டியைத் திற.

உன் அம்மா